மாமா காரைவிட்டு இறங்கிய ஞாயிறு

என் மாமாவைப்போலப் பொலிசுக்கு அடங்கி நடந்த ஒருவரை நான் மொன்றியலில் பார்த்ததில்லை. அந்த அடக்கம்தான் அவரை வழக்கில் மாட்டிவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. லாசாலில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்குப் பத்து வயதான கோடையில் பழைய கார் ஒன்று வாங்கினார். அந்தக் கிழமையே, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நானும் அவரும் திரும்பி வரும்போது, எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பொலிஸ் மறித்தது.

சண்டைக்காலத்தில் ஊரில் ஆமி மறித்தால் என்ன செய்யவேண்டும் என்பது மாமாவுக்குத் தலைகீழ்ப் பாடம். காரின் உள் லைட்டைப் போடவேண்டும். தொப்பியைக் கழற்றவேண்டும். அடையாள அட்டையை நீட்டியபடி இறங்கி அவர்களிடம் நடந்து போகவேண்டும். இறங்காமல் உள்ளேயே இருப்பவன் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். மாமா பட்டப்பகலில் லைட்டைப் போட்டார், இறங்கினார், அட்டையை எடுக்கப் பின்பையில் கையை விட்டுக்கொண்டு நடந்தார். பொலிஸ்காரர்கள் கத்தினார்கள். கத்துவது ஆமிக்கும் வழக்கம் என்பதால் அவர் இன்னும் வேகமாக நடந்தார். அடுத்த நிமிடம் அவருடைய கன்னம் சூடான பொனெற்றில் அழுந்திக் கிடந்தது. நான் பின்சீட்டில் இருந்து அழுதேன்.

பொலிசின் கடமைக்கு இடையூறு செய்தார் என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு எதிராக வந்தால் விமான நிலையப் பாஸ் பறிபோகும், அதோடு வேலையும் போகும். அம்மா சாப்பிடாமல் திரிந்தார்.

“குற்றம் செய்யாட்டி ஏன் மறிக்கப் போறாங்கள்?” என்றார் அப்பா. வேலைக்கு மெற்றோவில் போய்வரும் மனிதர். பொலிசைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

மேல்மாடியில் ஹெய்ட்டி நாட்டுக் கறுத்த அன்ரி ஒருவர் இருந்தார். அவரும் எங்கள் கோயில்தான். அவருடைய மகள் நடாலி என் வகுப்பு. நடந்ததை அன்ரி பல்கனியில் நின்று பார்த்திருக்கிறார். கறுத்தவர்களையும் எங்களைப் போன்றவர்களையும் பொலிஸ் தேடித்தேடி மறிப்பதை எதிர்த்துக் கோயிலின் கீழ்மண்டபத்தில் கூட்டம் நடத்துபவர்களில் அவரும் ஒருவர். மாமாவை அங்கே பேச அழைத்தார். பிரெஞ்சில் மொழிபெயர்க்க நான் போனேன்.

மாமா எழுந்து நின்றார். “நான் இறங்கினது பிழைதான். அங்கை இறங்காட்டிச் சுடுவாங்கள். இஞ்சை இறங்கினாச் சுடுவாங்கள் போலை. எதெண்டு முதலே சொன்னா நான் அதைச் செய்வன்.”

கோபமான பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. “முதலில் ஏன் மறித்தார்கள் என்று அவரிடம் கேள்” என்றார் என்னிடம்.

மாமா யோசித்தார். மறிப்பதற்குக் காரணம் ஒன்று வேண்டும் என்பது அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. “மெதுவா ஓடினனாம்” என்றார்.

இந்தமுறை மண்டபம் முழுக்கச் சத்தம். தான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன் என்று மாமா என்னைப் பார்த்தார்.

அன்ரி நீதிமன்றத்துக்கு வந்து தான் கண்டதைச் சொன்னார். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பாஸ் தப்பியது. பொலிசுக்கு எதிராக அன்ரியின் ஆட்கள் கொடுத்த முறைப்பாட்டுக்கு மட்டும், அவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள் என்று பதில் வந்தது. அதை எதிர்த்து டவுன்டவுனில் நடந்த ஊர்வலத்துக்கு நன்றிக்கடனாக மாமாவும் போனார். எல்லாரும் நடுவீதியில் நடக்க, அவர் நடைபாதையில், சிவப்பு லைட்டுகளில் நின்று நின்று போனாராம்.

அதைக் கேள்விப்பட்ட அன்ரி அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கே பொலிஸ் மறித்தால் எப்படி இருக்கவேண்டும் என்று பழக்க, கதிரைகளைக் காராக அடுக்கி, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் என்று மாமாவிடம் கொடுத்து, தானே பொலிசாக வந்து நின்றார். மாமாவின் கை ஒவ்வொருமுறையும் இல்லாத கதவைத் திறக்கப் போனது. அம்மா விழுந்துவிழுந்து சிரித்தார்.

பொறுமையிழந்த அன்ரி நடாலியை உட்காரச் சொன்னார். நடாலி இரண்டு கைகளையும் தட்டின்மேல் விரித்து வைத்தாள். தலையைத் திருப்பவில்லை. “அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. இப்போது வலது கையால் எடுக்கப்போகிறேன். எடுக்கலாமா?” என்று, பாடம் ஒப்பிப்பதுபோல நிதானமாகக் கேட்டாள். அன்ரி தலையாட்டிய பிறகுதான் அவள் கை அசைந்தது.

மாமா கைதட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. “உங்களிடம் காரே இல்லையே, பிறகு ஏன் இதைப் படித்தாய்?” என்று பிரெஞ்சில் நடாலியிடம் கேட்டேன். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. “எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும்” என்றாள் பெருமையாக.

அம்மாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அவர் என்னையும் நடாலியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டை வாங்கி என் மடியில் வைத்தார்.

“நீயும் இரு பிள்ளை” என்றார். “இன்னொருக்காச் செய்வம்.”

எனக்கு எதற்கு இது என்று அவரோடு சண்டை பிடித்தேன்.