எங்க நோகுது?

கொப்பியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார் என் வகுப்புக்கு வரும் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி மண்டபத்தில், சிங்களம் பேசும் அரச ஊழியர்களுக்கு நான் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பித்த காலம் அது. எழுத்துத் தமிழைச் சுத்தமாகக் கற்பித்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

என்ன நடந்தது என்று கேட்டேன். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். முந்தின நாள் வார்டில், தமிழ் மட்டுமே தெரிந்த ஓர் அம்மா முனகிக்கொண்டு கிடந்தாராம். இவர் கட்டிலருகே போய், நான் மனப்பாடம் செய்வித்த வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார்: "தங்களுக்கு எவ்விடத்தில் வலி ஏற்பட்டுள்ளது?" தனக்கு ஏதோ பெரிய நோய் என்று அறிவிக்கிறார்கள் என்று நினைத்து அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டாராம்.

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. அவர் ஒரு பிழையும் விடவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஐம்பது வயதில், சேலையோடு, மாணவர்கள் உட்காரும் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன்.

"மிஸ், எனக்கு ஏலாம இருக்கு" என்று வயிற்றைப் பிடித்தேன்.

எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். தாதி மட்டும் எழுந்து வந்தார். வார்டுப் பழக்கத்தில் கை தானாக என் நெற்றிக்குப் போனது.

"அம்மா... எங்க?"

"வயிறு நோகுது, மிஸ்."

"இங்க நோகுதா?"

"ஓம், அங்கதான்."

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பொலிஸ்காரர், "எப்ப இருந்து?" என்றார். அதை அவருக்கு நான் படிப்பித்ததே இல்லை. தெருவில் எங்கோ கேட்டுக் காதில் வைத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மண்டபம் ஒரு வாரம் வார்டாகும், மறுவாரம் தபால் கந்தோராகும், இன்னொரு வாரம் பொலிஸ் நிலையமாகும். முறைப்பாடு கொடுக்க வந்தவளாக நான் சண்டை பிடிப்பேன். அவர்கள் என்னைச் சமாளிப்பார்கள். தாதி நோயாளிகளிடம் கேட்ட சொற்களைக் கொண்டுவருவார்: விறைக்குது, குத்துது, கடுக்குது. குத்துவதற்கும் கடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டபோது, பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் நான்தான் திணறினேன்.

இப்போது வெள்ளவத்தையில் வகுப்பு நடத்துகிறேன். முதல் நாளே யாரையாவது நோயாளியாக்கி வாங்கில் படுக்க வைத்துவிடுகிறேன். அப்போதெல்லாம் அந்தத் தாதியின் கடைசி வகுப்பு ஞாபகத்துக்கு வரும். வார்டில் ஒரு கிழவி அரை மணித்தியாலம் தன்னோடு கதைத்ததாகச் சந்தோஷமாகச் சொன்னார்.

"எல்லாம் விளங்கினதா?" என்றேன்.

"பாதி விளங்கினான், டீச்சர். மருமகள் கெட்டவன் எண்டது நல்லா விளங்கிச்சு."

இரண்டு பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டே, "மருமகள் அப்பிடி என்ன செய்தவவாம்?" என்று கேட்டேன்.