சடையப்பன் எண்ணி வாங்கிய சாமான்

தேவகிக்கு உத்திரமேரூரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பார்ட் திருடி. ஒரு துரும்பைக்கூடத் திருடாமல் அந்தப் பேரை நாலைந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள். பேர் வைத்தவர் நெல் மண்டி சடையப்பன். அவருடைய காருக்கு ஒரு தடவை பெட்ரோல் பம்ப் மாற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் கழித்து வண்டி வேறு எதற்கோ நின்றுபோக, அவர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து, "ஒரிஜினலக் கயட்டி வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டி அனுப்பிட்டா அந்தப் பொம்பள" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சொன்னவர் டீயைக் குடித்துவிட்டு மறந்துபோனார். ஊர் மறக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஐ.டி.ஐ. படித்து, கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்பானரை விடாமல், வாலாஜாபாத் ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டவள் அவள். சடையப்பன் அப்படிச் சொன்ன பிறகு கார் என்று ஒன்று உள்ளே நுழையவில்லை. மருந்தடிக்கிற மெஷின், பவர் டில்லர், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டி என்று ஏதோ ஓடியது. அதைக் கொண்டுவருகிறவர்களும் வேலை முடிகிறவரை பக்கத்திலேயே நின்று அவள் கையையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் அவளை அரித்தது. சடையப்பன் நாசமாகப் போகவேண்டும் என்று மனசுக்குள் சபிக்காத நாளே கிடையாது.

அதனால், ஆவணி முகூர்த்தத்தன்று அதே சடையப்பனின் கார் அவள் ஷெட்டுக்கு நேர் எதிரே விக்கி விக்கி நின்றபோது, சாமி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள்.

அவர் மகனுக்கு வாலாஜாபாத்தில் நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். நிச்சயப் புடவையும் தாம்பாளத் தட்டுகளும் இந்தக் காரில், சடையப்பனின் மனைவி முனியம்மாளின் மடியிலும் பக்கத்திலும் இருந்தன. ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். முகூர்த்த நாளில் வாடகைக் கார் எங்கே கிடைக்கும்? பக்கத்து ஷெட் கதிர்வேல் ஓடிவந்து, கோளாறுக்கு ஒரு நம்பர் காட்டுகிற ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு கோடும் காட்ல சார். கோடு இல்லாம நான் இன்னாத்தத் தேடறது?" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

தேவகி ஷெட்டை விட்டு நகரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, அப்படியென்றால் பேட்டரி சரி. பற்றிக்கொண்டு ஓடுகிறது, அப்புறம் கறுப்புப் புகை கக்கிச் சாகிறது. பெட்ரோல் வாடை ரோட்டைத் தாண்டி வருகிறது. பெட்ரோலும் நெருப்பும் போகிற இடத்துக்குக் காற்று போகவில்லை. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. உடனே சொல்கிற எண்ணம் மட்டும் வரவில்லை.

சடையப்பன் பட்டு வேட்டி சரசரக்க வந்து நின்றார். "தேவகி, கொஞ்சம் பாரும்மா. நேரம் போய்க்கினே கீது."

"பாக்கறேன். ஆனா நான் கயட்டறத எல்லாம் நீங்கதான் கையில வாங்கி வெச்சிக்கணும். வாங்கிட்டேன்னு சத்தமா சொல்லணும். அப்பால யாரும் பேச்சு பேசக் கூடாது பாருங்க."

டீக்கடைக் கூட்டம் எழுந்து வந்தது. அவள் வேண்டுமென்றே பேட்டரியிலிருந்து ஆரம்பித்தாள். நட்டைக் கழற்றி நீட்டினாள். "வாங்கிட்டேன்" என்றார். "கேக்கல" என்றாள். மறுபடி கத்தினார். ஃப்யூஸைப் பிடுங்கிக் கொடுத்தாள், சும்மா. இன்ஜின் மூடியைக் கொடுத்தாள். காயில்களைக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டையில் முதல் கறை விழுந்ததும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கரி படிந்த பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தபோது மனுஷன் துள்ளினார்.

"ஐயோ, சுடுது!"

"எனக்குங்கூட சுட்டுது அண்ணே. கீய போட்றாதீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியம்மாள் காரிலிருந்து, "இன்னா பேஜாரா கீது, சீக்கிரம் ஆவட்டும்" என்று புலம்பினாள். சடையப்பன் இரண்டு கையும் கொள்ளாமல் அங்கவஸ்திரத்தை மடியாகப் பிடித்துச் சாமான்களை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றார். போதும் என்று தோன்றுகிறவரை நிற்கவைத்துவிட்டுத்தான் தேவகி ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தாள். மூடியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். காற்றுக் குழாயின் வாய்க்குள் கைவிட்டு இழுத்தாள். வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று வந்தது. புகையிலை நெடி குப்பென்று அடித்தது.

முனியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அது நான் வெச்சதுதான். மூட்ட அடுக்கற எடத்துல வண்டி நிக்குது, எலி ஒயரக் கடிக்குது. ஓட்ட ஒண்ணு தோதா இருந்திச்சி, சொருகிட்டேன்."

எலிக்குப் பயந்து பேட்டரி ஓரமாகப் புகையிலை கட்டி வைக்காத வீடே அந்தப் பக்கம் இல்லை. முனியம்மாள் சொருகிய ஓட்டைதான் தப்பு. அது வண்டியின் மூக்கு.

"இதுவும் உங்குளுதுதான். புடிங்க" என்று தேவகி அதையும் மடியில் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. உடனே அணைத்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் கீதா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

மடி காலி. புகையிலை முடிச்சு மட்டும்தான் மிச்சம். "எல்லாம் சரியா கீது."

"நான் எதுனா எடுத்தனா?"

"இல்ல."

"அன்னிக்கு?"

சடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முனியம்மாள்தான் உள்ளேயிருந்து கத்தினாள்: "சொல்லித் தொலைங்களேன்!"

"அன்னிக்கும் எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்." டீக்கடைவரை கேட்டது. தேவகி சாவியைக் கொடுத்தாள். கார் வாலாஜாபாத் பக்கம் பறந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர், "நாளைக்கு நம்ம வண்டிய இட்டாரட்டாம்மா?" என்று கேட்டார். கொண்டுவரச் சொன்னாள்.

எல்லாரும் கலைந்த பிறகு ஷெட்டுக்குள் போய், வேலைச் சட்டையின் பையில் கைவிட்டாள். ஏர் பில்டர் மூடியின் ஸ்க்ரூ ஒன்று இருந்தது. மிச்ச ஸ்க்ரூக்கள் மூடியைப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு ஒரு குறையும் வராது. திருப்பி வாங்கும்போது கடைசி ஸ்க்ரூவை அவர் கண்ணெதிரேதான் பையில் போட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் துடைத்து, தன் டூல் பெட்டியின் மேல் தட்டில், திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்தாள். இத்தனை வருஷம் சும்மா சுமந்த பேருக்கு இதுவாவது இருக்கட்டும்.