மாமனார் வீட்டு வைஃபை

முதல்லயே சொல்லிடுறேன், நான் பேய் பிசாசு சமாச்சாரத்துக்கெல்லாம் ஆள் இல்லீங்க. வருஷா வருஷம் அம்பகரத்தூர் கோயிலுக்குப் போவேன், அது வேற. ஆபீஸ்ல எவனாவது ஆவி கதை ஆரம்பிச்சா நான் டீ குடிக்கக் கிளம்பிடுவேன். இதக் கேட்டுட்டு நீங்களும் அப்படிக் கிளம்பினா ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.

என் மாமனார் வீடு கோட்டுச்சேரி. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, அப்படிப்பட்டவங்கள எங்க பக்கம் 'சொல்தான்'னு சொல்லுவோம். ஒரே மகன் குமரன், என் மச்சினன், அங்க பிரான்ஸ்லயே இருக்கான். மகன் முகத்தப் பாக்கணும்னுதான் அவரு வைஃபையே போட்டாரு. ஆனா பாஸ்வேர்ட யாருக்கும் சொல்ல மாட்டாரு, பெத்த பொண்ணு, என் வீட்டுக்காரி மேகலாவுக்கே சொல்லலன்னா பாத்துக்குங்க. கேட்டா நம்ம போன வாங்கிக்குவாரு, முதுகக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டு ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தா குத்துவாரு. பட்டாளத்துல அடிபட்டு அந்த வலது கை சுட்டுவிரல் நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால குத்தி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆவும். முடிச்சதும் போன மேசையில கவுத்து வச்சு, சேந்துடுச்சு மாப்ள, பாருங்கம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவரு வைஃபைய நான் என்ன கட்டியா தூக்கிட்டுப் போயிடுவேன்?

போன கார்த்திகை மழையில ஒரு விடியக்காலம் மனுஷன் பாத்ரூம்ல விழுந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கையில இருந்த அவரு போனும் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்து வீணாப்போச்சு. முதல் நாள்லேருந்தே ஊர்ல கரண்ட் இல்ல, டவரும் படுத்துடுச்சு, யாரு போன்லயும் சிக்னல் கிடையாது. ஐஸ்பெட்டி கொண்டுவந்தும் ஓட்ட வழியில்ல, அதனால மூணு மணிக்குள்ள எடுத்துடணும்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. குமரனுக்கு உடனே டிக்கெட் கிடைக்கல. அந்த வீட்டுல உசுரோட இருந்தது இன்வெர்ட்டர்ல ஓடுன வைஃபை ஒண்ணுதான், அதுல சேந்திருந்தது மாமா எப்பவோ போட்டுக்கொடுத்த என் போன் ஒண்ணுதான். காலையில அவனுக்குச் சேதி சொன்னதே அதுலதான். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அப்பா முகத்தக் காட்டிடுங்க அத்தான்னு அழுதான்.

ஒரு மணி வாக்குல வீடியோ கால்ல அவனக் கூப்பிட்டேன். படம் வரல, சுத்திக்கிட்டே இருக்கு. வெட்டிப் போட்டேன், திரும்பக் கூப்பிட்டேன், மறுபடி சுத்துது. கோவத்துல நான் என்ன பண்ணேன் தெரியுமா, அந்த வைஃபை பேர அழுத்தி 'ஃபர்கெட்' குடுத்துட்டேன். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் பண்ணுவோம், எடுத்துட்டுத் திரும்பச் சேத்தா ஓடும். சேக்கப் போனா பாஸ்வேர்டு கேக்குது! அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அதைக் குத்துற ஆளு பெஞ்சு மேல கிடக்காருன்னு.

காலமான மாமியார் பேரு, குமரன் பேரு, பட்டாள நம்பரு, வண்டி நம்பரு, எதப் போட்டாலும் தப்பு தப்புங்குது. மோடத்தத் திருப்பிப் பாத்தா பின்னாடி இருந்த ஸ்டிக்கரையும் சுரண்டி வச்சிருக்காரு மனுஷன். செத்த வீடுன்னுகூடப் பாக்காம வாய் விட்டே திட்டிட்டேன். மேகலா கிட்ட வந்து மெதுவாச் சொன்னா: "தம்பி எங்கப்பா முகத்தப் பாக்கலன்னா, இந்த ஜென்மத்துல உங்கள நான் மன்னிக்க மாட்டேன்."

மோடத்த ரீசெட் பண்ணிடுவோம்னு போன அவரு பக்கத்துல பெஞ்சுலயே வச்சுட்டு, ஒரு ஊசிய எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போனேன். இருக்கறதயும் அழிச்சுடாதீங்கன்னு மேகலா பின்னாடியே வந்து கையப் புடிச்சா. அங்க எங்க ரெண்டு பேருக்கும் சண்ட. ஆம்பளைங்க வெளிய தார்ப்பாய்க்கு அடியில பாடை கட்டிக்கிட்டிருந்தாங்க. கூடத்துல விளக்குகிட்ட சொந்தத்துல ஒரு பெரியம்மா மட்டும் இருந்தாங்க, ரெண்டு கண்ணுலயும் புரை.

திரும்பி வந்தா, மேகலாதான் முதல்ல பாத்தா. கையில கட்டைவிரல் ரெண்டையும் சேத்துத் துணியால கட்டியிருப்போம்ல, அந்தக் கட்டு அவுந்து கிடக்கு. யாரு அவுத்ததுன்னு கேட்டுக்கிட்டே அழுதுக்கிட்டுத் திரும்பக் கட்டினா. எனக்கு அதெல்லாம் மனசுலயே ஏறல, போனத் தேடுறேன். கவுந்து கிடந்துச்சு. எடுத்துத் திருப்பினா குமரன் முகம் தெரியுது, அத்தான் அத்தான்னு கத்துறான். வீடியோ கால் ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கு.

நான் எதையும் யோசிக்கல, அப்படியே மாமா முகத்துக்கு நேரா புடிச்சேன். வாய்க்கரிசி போடுற வரைக்கும் பாத்தான், ஒரு தடவகூட அறுந்துபோவல. மூணு மணிக்கு எடுத்துட்டோம்.

போனே தானா சேந்திருக்கும்னு சொல்லுவீங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா எடுத்துப் போட்ட வைஃபை தானா எப்படிங்க சேரும்? வந்தவங்க போனவங்க எல்லாரையும் கேட்டுட்டேன், பாஸ்வேர்டு ஒருத்தருக்கும் தெரியாது. பெரியம்மாவக் கேட்டா, யாரும் வரலியேப்பான்னுட்டாங்க.

கருமாதிக்குக் குமரன் வந்தான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "அப்பா விரலாலேயே அந்த வீடியோ கால எடுக்க வச்சீங்களே அத்தான், அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்"னான். எனக்கு ஒண்ணும் புரியல. அவனே சொன்னான், என் போனுக்கு விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம், எடுத்ததும் முதல்ல அந்த வளைஞ்ச விரல்தான் தெரிஞ்சுதாம், கேமராவ மறைச்சுக்கிட்டு கிட்டக்க வந்துச்சாம், அப்புறம் ஒரே இருட்டாம், அதுக்கப்புறம்தான் நான் தெரிஞ்சேனாம். மேகலா என்னையே பாத்துக்கிட்டு நின்னா. நான் ஆமாம்னு தலையாட்டிட்டேன், வேற என்ன சொல்ல?

இன்னிக்கும் அந்த வீட்டு வாசல்ல கால் வச்சா என் போன் தானா சேந்துக்குது. பாஸ்வேர்ட போன்லயே பாத்துக்கலாம், எடுத்துச் சொல்லுங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் பாக்கல. எனக்கு அதுகூடப் பெருசில்லீங்க. காலையில அந்தக் கைக்கட்டப் போட்டது நான். ரெண்டு முடிச்சு, இழுத்துப் பாத்துட்டுத்தான் விட்டேன்.