பெப்டைடு கழன்றுவிட்டது

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணை எடுத்தால் பொங்கிவிடுமே என்று அங்கேயே நின்றவர்களுக்கு என் தொழில் புரியும். புரதத்தின் ஒரு பகுதியில் சின்னப் பள்ளம் இருக்கும். பெப்டைடு என்கிற குட்டிச் சங்கிலி அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது நிலைக்கிறதா என்று கம்ப்யூட்டரில் அணு அணுவாக ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. பிரசவ லீவில் பிஎச்.டி. முடிக்க வேண்டிய காலக்கெடு தாண்டிவிட்டது. பெப்டைடு நிலைத்து நின்றதைக் காட்டினால் கமிட்டி கெடுவை நீட்டிக்கும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. அந்தப் பயத்தில் எனக்குத் தாய்ப்பால்கூடக் குறைந்துபோனது.

பசையில்லா ஒட்டு

என் கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில், சோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர். ஒருநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே, என்ன பேஸ்ட் போடுகிறீர்கள் என்று கேட்டார். பசையே கிடையாது, பள்ளத்தின் வடிவமும் மின்னூட்டமும் பொருந்தினால்தான் பிடிக்கும், பிடித்தாலும் தண்ணீர் மோதி மோதிக் கழற்றப் பார்க்கும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க லைன்ல இப்படி ஒட்டுனா, பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிடுவான்."

ஆளில்லா அறை

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஓட்டங்கள் நடக்கும் லேப் சர்வர் அறையில் ஏசி நின்றால் மெஷின் சூடாகித் தானே அணைந்துவிடும். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அறை கொதிக்கிறது. ஓட்டம் சனிக்கிழமையே நின்றிருக்கிறது. லேப் அட்டெண்டர் பெருமாள் அண்ணன் கதவைப் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த பொறுமை அன்றோடு தீர்ந்தது. அவரோ அசரவில்லை. "ஆளே இல்லாத ரூம்ல யாருக்கும்மா ஏசி? கரண்டு பில்லு ஜாஸ்தியானா என்னைத்தான் கேப்பாங்க."

சுவரில்லாப் பெட்டி

மறுபடி ஓட்டி முடித்து, கமிட்டிக்கு முந்தின வாரம் படத்தைத் திறந்தேன். புரதம் ஒரு மூலையில், பெப்டைடு எதிர்மூலையில். "கழன்றுவிட்டது சார்" என்று வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு "ஓகே" வந்தது. அது எந்த மாதிரி ஓகே என்று யோசித்துப் பார்த்தேன், நல்ல மாதிரியாகத் தோன்றவில்லை. பதிவை நானே ரத்து செய்துகொள்ளக் கடிதம் அடிக்க ஆரம்பித்தபோது, பக்கத்து சீட் சமீனா, வாணியம்பாடிப் பெண், எட்டிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டருக்குள் புரதத்தையும் பெப்டைடையும் மிதக்கவிடும் எங்கள் தண்ணீர்ப் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலப்பக்கம் வெளியே போவது இடப்பக்கம் உள்ளே வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டே மிதந்தாலும், விளிம்பைத் தாண்டியது மட்டும் எதிர்ப்பக்கம் தெரியும். பிரிந்து தெரிவதைச் சேர்த்துக் காட்டக் கட்டளை கொடுத்துவிட்டுத்தான் படத்தைத் திறக்க வேண்டும். ஜூனியர்களுக்கு இதை வகுப்பெடுத்தவளே நான்தான். சமீனா கட்டளையை அடித்தாள். பெப்டைடு பள்ளத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "அது எங்கயும் போவல அக்கா. பேஜாராயி நீங்கதான் கெளம்பிட்டீங்க."

நீட்டிப்பு

கமிட்டியில் படத்தை ஓட்டிக் காட்டினேன். கடைசிவரை பெப்டைடு பிடியை விடவில்லை. நானும் மேசையை விடவில்லை. மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீட்டிப்பு தர்றோம்மா. ஆனா ஒரு தடவை ஒட்டுனது தற்செயலாகூட இருக்கலாம் இல்லயா, இதையே இன்னும் சில தடவை முதல்லேர்ந்து ஓட்டிக் காட்டுங்க."

ஆக, இந்தத் தொழிலில் கழன்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள், ஒட்டினால் வீட்டுக்கே போக விடமாட்டார்கள்.