ஆட்டுக்கு அடித்த மணி

குமுதினிக்குத் திங்கட்கிழமை காலை ஏறிய கோபம் வியாழக்கிழமை மாலை வரை இறங்கவேயில்லை. காரணம், செல்போனில் வந்த ஒரு வரி. ‘சாரி ஆன்ட்டி, பைலாஸ்ல ஸ்டாஃப் இல்ல.’ அதாவது சங்க விதிகளில் அலுவலர்களுக்கு இடமில்லையாம். கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

அனுப்பியவன் ஷ்ரேயஸ். பல்கலைக்கழக மணியடிப்போர் சங்கத்தின் தலைவன், மூன்றாம் ஆண்டு மாணவன். அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மணிக்கூண்டைப் பதினேழு வருடமாகக் கூட்டித் துடைத்த ரோசா, ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் இறந்துபோனாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம் என்று இன்னொரு துப்புரவுப் பெண் வந்து சொன்னாள். அந்த நேரத்தில் ரோசாவுக்குத் துக்க மணி அடிக்க வேண்டும்.

குமுதினிக்கு ஐம்பத்து நாலு வயது. பதிவாளர் அலுவலகத்தில் மாணவர்களுக்கு மதிப்பெண் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிற மேசை அவளுடையது. வீடு நகரத்துக்கு வெளியே, சுகர் லேண்டில். கணவர் தர்மராசா ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பொறியாளர். அவள் மணியடிக்க வந்த கதையில் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. ஐந்து மணிக்கு ஃப்ரீவேயில் ஏறினால் வீடு போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம், ஏழு மணிக்கு ஏறினால் முப்பது நிமிடம். நடுவில் இரண்டு மணி நேரம் எங்கே உட்காருவது? புதன்கிழமை மாலைகளில் மணிக்கூண்டில் பயிற்சி நடக்கிறது, அலுவலர்களும் வரலாம் என்று நோட்டீஸ் பார்த்துப் படியேறினாள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

மேலே எட்டு மணிகள். ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு மணி. பாட்டெல்லாம் வாசிப்பதில்லை, எட்டு மணியும் வரிசையாக ஒலிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிசை மாறும். யாருக்குப் பின்னால் யார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு சரியான நொடியில் இழுக்க வேண்டும். குமுதினிக்கு ஆறாம் மணி, அவளைவிட எட்டு மடங்கு கனம். துக்கம் என்றால் மணியின் நாக்கில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோல்பட்டை கட்டுவார்கள். ஒரு அடி முழுதாக விழும். அடுத்த அடி எங்கோ தூரத்தில் கேட்கும். கேட்பவர் நடையை நிறுத்திவிடுவார்.

சங்கத்துக்குப் பதினொரு பக்கத்தில் விதிகள் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், கூண்டுப் பொறுப்பாளர் என்று நாலு பதவி. நாலும் மாணவர்களுக்கே. ஓட்டும் மாணவர்களுக்கே. போன மாதம் சேர்ந்து, கயிற்றை விட்டுவிட்டு அலறுகிற பிள்ளைக்குக்கூட ஓட்டு இருக்கிறது. ஒன்பது வருடமாகக் கயிறு இழுக்கிற குமுதினி வெறும் ‘இணை உறுப்பினர்’. அதுவாவது போகட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆண்டுக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் சேரவில்லை, குறைந்தபட்ச ஆள்கணக்கான கோரம் இல்லை என்று கூட்டம் செல்லாமல் போனது. உடனே விதியைத் திருத்தினார்கள். கோரத்துக்கு மட்டும் இணை உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்ளலாமாம்! தலையை எண்ணுவார்கள், தூக்கிய கையை எண்ண மாட்டார்கள். இதை எழுதியவர்கள் அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகள்.

ரோசாவுக்கு அந்தப் பதினொரு பக்கத்தில் எந்த இடமும் இல்லை. நூற்றுப் பதினெட்டுப் படியையும் அவள்தான் துடைத்தாள். மணிகளுக்கு அடியில் புறா போட்ட எச்சத்தை முட்டிபோட்டுச் சுரண்டினாள். ஒரு மழை நாளில் அறுபதாவது படியில் குமுதினியின் முழங்கால் பிசகியபோது, தோளில் சாய்த்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்தவளும் அவள்தான். புதன்கிழமைகளில் பயிற்சிக்கு முன்னால் இருவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரோசா சோளமாவில் அவித்த தமாலே கொண்டுவருவாள், குமுதினி மீன் ரோல்ஸ். இருவருக்குமே ஆங்கிலம் இரவல் பாஷை. ஆனாலும் பேச்சு நின்றதில்லை.

புதன்கிழமை பயிற்சிக்கு வந்த குமுதினி கயிற்றைத் தொடவில்லை. நேரே ஷ்ரேயஸ் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, துக்க மணி ஆர் ஆருக்கு அடிக்கலாமெண்டு ஒருக்கா வாசி, கேப்பம்.”

அவன் செல்போனைத் திறந்தான். “ஸ்டூடன்ட்ஸ், ஃபேகல்ட்டி, அலும்னி, ட்ரஸ்டீஸ். அவ்வளவுதான் ஆன்ட்டி. ஐ ஃபீல் டெரிபிள், ரியலி. ஆனா ரூல் மாத்தணும்னா டூ வீக்ஸ் நோட்டீஸ் குடுக்கணும்.”

“அப்ப போன வருசம் அந்த ஆட்டுக்கு என்னெண்டு அடிச்சனீங்கள்?”

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? கால்பந்து அணியின் அடையாளமாக ஓர் ஆடு வளர்த்தார்கள். அது வயதாகிச் செத்தது. அன்றைக்கு மட்டும் இரண்டு வார நோட்டீஸ் எங்கே போனதோ தெரியாது. ‘அவசர நேரத்தில் நிர்வாகிகள் நால்வரும் ஒருமனதாக முடிவெடுக்கலாம்’ என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதியைத் தேடிப் பிடித்தார்கள். ஒரே மாலையில் நாலு மின்னஞ்சல், மறுநாள் இருபது நிமிடம் துக்க மணி. ஆறாம் மணியை இழுத்தது குமுதினிதான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளங்கை கூசியது.

“அது வேற ஆன்ட்டி. அதை டீன் ஆபீஸ்ல கேட்டாங்க. இப்ப இவங்களுக்குப் பண்ணா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. லைனை எங்க ட்ரா பண்றது?”

“ஆட்டுக்கும் மனிசிக்கும் நடுவில கீறு தம்பி. அது தெரியாட்டில் நீ என்னத்தைப் படிச்சுக் கிழிக்கிறாய்?”

அவன் முகம் சிவந்தது. மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கயிறுகளைச் சரிசெய்தார்கள். கோபத்தில் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள் குமுதினி. “உனக்கேன் இந்த வேலை, பேசாம விடு” என்றார் தர்மராசா. அவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மாலை ஆண்டுக் கூட்டம். புதிய நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மாணவர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் சங்கத்தின் அங்கீகாரம் நின்றுவிடும், கூண்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், பட்டமளிப்பு விழாவுக்கு மணி கிடையாது. செயலாளர் மாளவிகா தலைகளை எண்ணினாள். மாணவர்கள் ஒன்பது, இணை உறுப்பினர்கள் மூன்று. சரியாகப் பன்னிரண்டு.

“கோரம் இருக்கு. ஸ்டார்ட் பண்ணலாம்” என்றாள்.

குமுதினி எழுந்தாள். “முதல்ல ரோசாட விசயம். நாலு பேரும் இருக்கிறியள். ஆட்டுக்குச் செய்தமாதிரிச் செய்யுங்கோ.”

“ஆன்ட்டி, ப்ளீஸ். அது அஜெண்டாவுல இல்ல.”

“சரி, நான் போறன்.” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “போன பிறகு எண்ணிப் பாருங்கோ.”

அவள் கதவை எட்டுவதற்குள் மாளவிகா எண்ணிவிட்டாள். பதினொன்று. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த அறை அவள் முகத்தைப் பார்த்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும்தான் எரிச்சல் வந்தது. செத்தவளுக்காக இறங்காத மனசு சாவிக்காக இறங்குகிறதே!

“ஷ்ரேயஸ், ஜஸ்ட் வோட். நமக்கே இது அசிங்கம்” என்று மாளவிகா முதலில் கை தூக்கினாள். பொருளாளர் தூக்கினான். கூண்டுப் பொறுப்பாளர் தூக்கினான். ஷ்ரேயஸ் விதிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்தான், கதவருகே நின்ற குமுதினியைப் பார்த்தான், கடைசியில் அவன் கையும் மேலே போனது.

குமுதினி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாளவிகா மடிக்கணினியில் துக்க மணிக்கான படிவத்தைத் திறந்தாள். பல்கலைக்கழக வலைத்தளத்திலும் கூண்டு வாசல் பலகையிலும் போடுவதற்கான படிவம் அது.

“ஆன்ட்டி, அவங்க ஃபுல் நேம் என்ன?”

“ரோசா” என்றாள் குமுதினி.

“லாஸ்ட் நேம்?”

குமுதினி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. ரோசாவின் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அந்த ஒரு பெயர்தான் இருந்தது. அவளுடைய மூட்டுவலி தெரியும், மகள் தாதியாக வேலை பார்ப்பது தெரியும், தமாலேயில் எவ்வளவு மிளகாய் போடுவாள் என்பது தெரியும். அவசரமாக செல்போனை எடுத்துத் தேடினாள். ‘ரோசா டவர்’ என்று இருந்தது. மணிக்கூண்டு ரோசா என்று அடையாளத்துக்கு அவளே பதிந்து வைத்த பெயர்தான்.

ஷ்ரேயஸ் ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். நாலு நாளாக மற்றவர்கள் மேல் பாய்ந்த கோபம் இப்போது அவள் மேலேயே திரும்பியது. அதற்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்பதாம் பக்கம் எதுவும் இல்லை.

எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போய் அந்த எண்ணுக்கே கூப்பிட்டாள். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். குரல் கரகரத்திருந்தது. மகளாக இருக்க வேண்டும். தன்னை எப்படி அறிமுகம் செய்வது, இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் குமுதினி தடுமாறினாள்.

“நான்... உன் அம்மாவுடன் வேலை செய்தவள். பல்கலைக்கழகத்தில்” என்றாள் ஆங்கிலத்தில்.

“தெரியும். அம்மாவின் போனில் உங்கள் பெயர் வந்தது” என்றாள் அந்தப் பெண். பிறகு, எழுத்து எழுத்தாகக் கூட்டி, தப்பில்லாமல் வாசித்தாள். “குமுதினி தர்மராசா. ஆறாம் மணி.”