லிஃப்டில் உலவும் வேப்பெண்ணெய்

என் இடுப்பில் குடியேறிய படர்தாமரை இப்போது ஒரு பேரரசு. வேப்பெண்ணெயைக் குடம் குடமாக ஊற்றிப் போர் புரிகிறேன். நாற்றம் பெங்களூரிலிருந்து கிளம்பி, அத்திபெலே எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கே போயிருக்கும்.

இன்று காலை எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் நானும் ஆறாவது மாடிப் பெண்மணியும் மட்டும்.

“அங்கிள், உங்களுக்கும் வேப்பெண்ணெய் வாசனை வருதா?”

“இல்லையேம்மா” என்றேன், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

“எங்க வீட்டுக்காரரு படர்தாமரைக்கு இதுதான் தடவுவாரு. போன வருஷம் போயிட்டாரு. ஒரு வாரமா லிஃப்டுல அதே வாசனை. எனக்கு மட்டும்தான் வருது போல. இப்பல்லாம் தனியா ஏற பயமே இல்ல அங்கிள்.”

லிஃப்டில் மூன்று பேர் நிற்பதுபோலவே இருந்தது.

எண்ணெயை நிறுத்திவிட்டு ஆயின்ட்மெண்ட் போடச் சொல்லி நேற்றுதான் தோல் டாக்டர் உத்தரவிட்டார்.

அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரரை நான் எப்படி இரண்டாம் முறை சாகடிப்பேன்? சொல்லுங்கள், மகாஜனங்களே.