எட்ஜ்வேர் ரோட்டில் எந்த நாட்டு அரபு?

எட்ஜ்வேர் ரோடு முழுக்க அரபுப் பலகைகள். லண்டனுக்கு வந்து நான்கு நாள், யாரிடமும் தமிழ் பேசவில்லை. பசியோடு ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைகிறேன்.

"இதுல எதைக் கேக்கிறது?" என்று முணுமுணுக்கிறேன்.

"தமிழிலேயே கேளுங்கோ அண்ணை, நான் மன்னார் ஆள்" என்கிறார் அடுப்படியில் நிற்பவர். குவைத்தில் பத்து வருடம் ரொட்டி சுட்டவராம். அடைத்துக் கிடந்த பேச்செல்லாம் கொட்டுகிறது எனக்கு.

தேநீரோடு உட்கார்ந்திருக்கும் அரபுப் பெரியவர் எங்கள் பேச்சையே கவனித்துவிட்டு அரபில் ஏதோ கேட்கிறார். மன்னார்க்காரர் அரபிலேயே பதில் சொல்கிறார். பெரியவர் மேலும் ஏதோ சொல்லிவிட்டு, நெஞ்சில் கைவைத்து எனக்கு வணக்கம் சொல்கிறார்.

"என்ன கேட்டாரு?"

"நாங்கள் கதைக்கிறது எந்த நாட்டு அரபு எண்டு கேட்டவர். மன்னார் அரபு எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டும் விளங்கேல்லையாம், ஆனா கேக்க நல்லா இருக்காம்."